கோல்ஃப் கார்ட் பேட்டரி: வீட்டிலேயே சோதித்துப் பார்த்த சில வருட அனுபவம்

அட்லாண்டாவுக்குத் தெற்கே இருக்கும் பீச்ட்ரீ சிட்டியில் கோல்ஃப் கார்ட் வைத்திருக்க கோல்ஃப் ஆடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மரங்களுக்கு நடுவே ஊர் முழுக்கச் சுமார் 100 மைலுக்குத் தனிப்பாதை இருக்கிறது. மளிகைக் கடை, நூலகம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அதிலேயே போய் வரலாம். எங்கள் வீட்டில் இரண்டாவது காருக்குப் பதில் இதுதான். 48 வோல்ட் வண்டி, சீட்டுக்கு அடியில் 8 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி ஆறு வரிசையாக இணைந்திருக்கும். ஆறையும் மொத்தமாக மாற்றினால் ஆயிரம் டாலருக்கு மேல் போய்விடும், அதனால்தான் சோதனை செய்யும் பழக்கமே வந்தது.

முதல் விஷயம், டேஷ்போர்டில் இருக்கும் சார்ஜ் முள்ளை நம்பாதீர்கள். மொத்த பேக்கின், அதாவது ஆறும் சேர்ந்த செட்டின், வோல்டேஜை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பதும் அதே கதைதான். நன்றாக சார்ஜ் ஆகி ஓய்ந்திருக்கும் 48 வோல்ட் பேக் 50.9 வோல்ட் காட்ட வேண்டும், 50 வோல்ட் என்றால் கிட்டத்தட்ட 80 சதவீதம், 48.4 என்றால் பாதி. ஓய்ந்திருக்கும் என்பதுதான் இங்கே முக்கியம். சார்ஜரைக் கழற்றியவுடன் அளந்தால் மேலோட்டமான சார்ஜ் எண்ணை ஏற்றிக் காட்டும், அதனால் நான் இரவு சார்ஜ் முடிந்ததும் ஒயரைக் கழற்றிவிட்டு மறுநாள் சாயங்காலம்தான் மீட்டரை எடுப்பேன்.

எங்கள் வண்டி ஒரு கோடையில் ஏற்றத்தில் திணற ஆரம்பித்தது. பேக் 50.6 வோல்ட். மேலே சொன்ன கணக்குப்படி 90 சதவீதத்துக்கு மேல், குறையே சொல்ல முடியாது. பேட்டரி பேட்டரியாக அளந்தேன், ஐந்தில் 8.45, ஒன்றில் மட்டும் 8.33. வெறும் 0.12 வோல்ட் வித்தியாசம், மீட்டரின் மேலேயே பழியைப் போட்டுவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் அந்த பேட்டரியின் மூடியைத் திறந்து ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை, அதாவது கிராவிட்டியைக் காட்டும் கருவி) விட்டபோது, உள்ளே செல் எனப்படும் நான்கு தனி அறைகளில் மூன்றில் 1.265 பக்கம் வந்தது, நான்காவதில் 1.155. செல்களுக்கு இடையே 0.050க்கு மேல் வித்தியாசம் இருந்தாலே அந்த செல்லைச் சந்தேகப்பட வேண்டும், இங்கே அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஊரில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மெக்கானிக் வந்து "கிராவிட்டி" பார்ப்பாரே, அதே வேலைதான் இது. ஆறு பேட்டரிக்கும் சேர்த்து 24 செல், பொறுமையாகப் பார்த்தால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், எண்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் அந்த நோட்டின் அருமை தெரியும்.

வெப்பநிலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 27 டிகிரி செல்சியஸ்தான் அளவுகோல், அதற்கு மேல் ஒவ்வொரு 5.5 டிகிரிக்கும் 0.004 கூட்ட வேண்டும், கீழே போனால் கழிக்க வேண்டும். ஜார்ஜியா ஜூலையில் கராஜ் 38 டிகிரி வரை போகும், அப்போது 0.008 வித்தியாசம் வரும். ஒரே நாளில் செல்லுக்குச் செல் ஒப்பிடும்போது இது பெரிதாகப் பாதிக்காது, போன டிசம்பரோடு ஒப்பிட்டால் பாதிக்கும்.

சோதனைக்குச் சற்று முன்பு தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றிய தண்ணீர் ஆசிட்டோடு கலப்பதற்குள் எடுத்தால் தப்பான எண்தான் வரும். டிஸ்டில்ட் வாட்டரை சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுவதுதான் முறை, உள்ளே இருக்கும் ஈயத் தகடு வெளியே தெரிகிற அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும் தகடு மூழ்கும் அளவுக்கு முன்னாலேயே ஊற்றலாம். ஆசிட் சேர்த்து கிராவிட்டியை ஏற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், எண் ஏறும், பேட்டரி தேறாது.

பாதுகாப்பு பற்றி நீட்டி முழக்கவில்லை. கண்ணாடி, கையுறை கட்டாயம். மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள், ஸ்பேனர் இரண்டு டெர்மினலைத் தொட்டுவிட்டால் வெல்டிங் அடித்த மாதிரி ஆகிவிடும். பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வருவதால் கராஜ் கதவு திறந்திருக்கட்டும், பக்கத்தில் பேக்கிங் சோடா கலந்த தண்ணீர் இருக்கட்டும். டோ-ரன் சுவிட்ச் (இழுத்துப் போக 'டோ', ஓட்ட 'ரன்') உள்ள வண்டி என்றால் ஒயரில் கை வைக்கும் முன் அதை டோவில் போட்டுவிடுங்கள்.

சரி, சும்மா நிற்கும் பேட்டரியைப் பார்த்தது போதாது, பாரம் ஏற்றியும், அதாவது மின்சாரத்தை இழுக்கவிட்டும் பார்க்க வேண்டும். கடைகளில் விற்கும் லோட் டெஸ்டர் பெரும்பாலும் 6, 12 வோல்ட்டுக்குத்தான், 8 வோல்ட்டுக்குத் தேடி அலைய வேண்டும். நான் சின்ன டிஜிட்டல் வோல்ட்மீட்டர் ஆறு வாங்கி, ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒன்றாகச் சின்ன ஃபியூஸோடு இணைத்து, ஒரு அட்டையில் வரிசையாக ஒட்டினேன். நான் ஏற்றத்தில் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்த மகள் எண்களைச் சத்தமாகப் படித்தாள். ஐந்து பேட்டரி 7.5க்குக் கீழே இறங்கவே இல்லை, சந்தேகப்பட்ட ஒன்று மட்டும் 6 பக்கம் விழுந்தது. ஒரு செல்லுக்கு 2 வோல்ட் என்பதால், ஏற்றத்தில் அந்த செல் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். இந்த மீட்டர்களை அப்படியே விட்டுவிடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக சார்ஜைக் குடிக்கும்.

ஈக்வலைஸ் சார்ஜ் (எல்லா செல்லையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டுமென்றே கூடுதலாகப் போடும் சார்ஜ்) போட்டு மீட்க முடியுமா என்று பார்த்தேன். செல்களுக்கு இடையே 0.030க்கு மேல் வித்தியாசம் வந்தாலே அதைச் செய்யச் சொல்கிறார்கள். மணிக்கு ஒருமுறை கிராவிட்டி பார்த்து, ஏறுவது நின்றால் நிறுத்த வேண்டும். மற்ற செல்கள் கொஞ்சம் ஏறின, அந்த செல் அசையவில்லை.

கடைக்காரர் ஆறையும் மாற்று என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, பழைய ஐந்துக்கு நடுவே புதிதாக ஒன்றைப் போட்டால் பழையவை அதையும் தங்கள் நிலைக்கு இழுத்துவிடும். ஆனால் மற்ற 20 செல்லும் நன்றாக இருக்கும்போது எனக்கு மனசு வரவில்லை. லித்தியத்துக்கு மாறிய ஒருவர் தன் பழைய செட்டை விற்பதாகத் தெரிந்ததும் ஹைட்ரோமீட்டரோடு போய், அதே மாடல், கிட்டத்தட்ட அதே வயது, நான்கு செல்லும் ஒரே அளவு என்று பார்த்த பிறகே பணம் கொடுத்தேன். அதற்கப்புறம் வண்டி ஒழுங்காக ஓடுகிறது.

ஒன்று சொல்ல வேண்டும், ஹைட்ரோமீட்டர் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்றுதான் சொல்லும், கொள்ளளவு எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது. தகட்டில் இருந்து பொருள் உதிர்ந்து தேய்ந்த பேட்டரியும் முழு சார்ஜில் 1.270 காட்டும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். கடைகளில் இதற்கு டிஸ்சார்ஜ் மெஷின் வைத்திருப்பார்கள். ட்ரோஜன் டி-105 போன்ற 6 வோல்ட் பேட்டரி புதிதில் 75 ஆம்பியரில் 115 நிமிடம் தாங்க வேண்டும் என்று அதன் அட்டவணையிலேயே இருக்கிறது, அதில் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். வீட்டில் என்னால் முடிந்தது, லேக் பீச்ட்ரீயைச் சுற்றி எப்போதும் ஒரே பாதையில் ஓட்டிவிட்டு, வண்டியை ஓயவிட்டு கிராவிட்டி பார்ப்பது. வசந்த காலத்தில் செய்கிறேன், பைன் மகரந்தம் மஞ்சளாகக் கொட்டி வண்டியை எப்படியும் கழுவ வேண்டிய நேரம் அது. முந்தைய வருடம் அதே பாதை முடிவில் 1.220 இருந்து இப்போது 1.190 என்றால் கொள்ளளவு குறைகிறது. எங்கள் செட் மெதுவாக அந்தப் பக்கம்தான் போகிறது, 24 செல்லும் ஒன்றாகவே இறங்குவதால் அடுத்து மாற்றும்போது மொத்தமாகத்தான் மாற்றுவேன்.

வாங்குகிறவர்களுக்கு: கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை இருக்கும் ஹைட்ரோமீட்டரையே வாங்குங்கள், கலர் கலராக உருண்டை மிதக்கும் சின்ன வகையில் 0.030 வித்தியாசமெல்லாம் தெரியாது. கார் பேட்டரிக்கு விற்கும் கையடக்க டெஸ்டரும் இதற்கு வேண்டாம், அது இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் திறனை மதிப்பிடுவதற்கு, மணிக்கணக்கில் ஓட வேண்டிய பேட்டரியைப் பற்றி அதனிடம் கேட்டுப் பயனில்லை.