ஏலகிரி மலையில் கேரவன் தங்கல்: வண்டி நிற்கும் இடத்தைப் பற்றிய ஒரு மதிப்புரை

கேரவன் என்றவுடன் நம்மில் பெரும்பாலோருக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். குடும்பத்தோடு அதில் ஏறிச் சென்று, மலை மேல் ஓரிடத்தில் நிறுத்தி, அதிலேயே சமைத்து உண்டு உறங்கி வரலாம் என்பது வேலூர்ப் பக்கத்தில் இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை. கேரள அரசு 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை வகுத்துவிட்டது. அண்மையில் வேலூரிலிருந்து மோட்டார் ஹோம் எனப்படும் இத்தகைய வண்டி ஒன்றை ஓட்டுநருடன் வாடகைக்கு எடுத்து, ஏலகிரியில் உள்ள ஒரு முகாமில் குடும்பத்துடன் தங்கி வந்தோம். வண்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான்கு பேர் படுக்கலாம், சிறிய அடுப்பும் குளிர்ப்பெட்டியும் கழிப்பறையும் உண்டு, எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. இந்த வகைத் தங்கலின் நிறை குறைகளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வண்டி நிற்கும் இடம்தான் என்பதால், அதைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

வேலூரிலிருந்து பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பொன்னேரியைக் கடந்ததும் மலைப்பாதை தொடங்குகிறது. தமிழ்ப் புலவர்களின் பெயர்களும் கடையெழு வள்ளல்களின் பெயர்களும் சூட்டப்பட்ட 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் எங்கள் வண்டி சிரமமின்றித் திரும்பியது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூறு லிட்டர் தண்ணீர் என்பது நூறு கிலோ எடை. தொட்டியை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொண்டு ஏறினால் அவ்வளவு சுமையையும் வண்டி வளைவுக்கு வளைவு இழுக்க வேண்டும் என்பதால், அனுபவமுள்ள ஓட்டுநர்கள் கை கழுவும் அளவுக்கு மட்டும் தண்ணீர் வைத்துக்கொண்டு மேலே போய் நிரப்புகிறார்கள். மேலே நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று முகாமில் உறுதியாகச் சொன்னால்தான் அப்படிச் செய்ய முடியும். எங்களிடம் சொன்னார்கள், சொன்னபடியே கிடைத்தது.

முகாமின் மிகப் பெரிய சிறப்பு அதன் தரை. வண்டி நிற்பதற்கென்று சிமெண்ட் தளம் போட்டு, மழைநீர் வடிவதற்குச் சுற்றிலும் சிறு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். இது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். ஆனால் வண்டி சிறிது சாய்ந்து நின்றாலும் படுக்கையில் தலைப்பக்கம் தாழ்ந்துவிடும், கழுவுதொட்டியில் நீர் தேங்கும், தோசைக்கல்லில் ஊற்றிய எண்ணெய் முழுதும் ஒரே பக்கத்துக்கு ஓடிவிடும். எங்களுக்கு ஒதுக்கிய தளத்தில் பின்சக்கரம் ஒன்று மட்டும் சற்றுத் தாழ்ந்திருந்ததைக் காவலர் தாமாகவே கவனித்து, இரண்டு மரக்கட்டைகளைக் கொண்டுவந்து டயருக்கு அடியில் கொடுத்து, வண்டிக்குள் தரையில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்துவிட்டுத்தான் போனார். என் தாயார் இறங்கும்போது, "அம்மா, படி உயரமா இருக்குது, கம்பியைப் பிடிச்சிக்கினு இறங்குங்க" என்று சொல்லி, அடுத்த நிமிடமே ஒரு முக்காலியைக் கொண்டுவந்து படிக்குக் கீழே போட்டார். முழங்கால் வலி உள்ள முதியவர்களை அழைத்துச் செல்வோர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: இந்த வண்டிகளின் முதல் படி வீட்டுப் படியைப் போல இரு மடங்கு உயரம் இருக்கும்.

மின்சாரத்தில் எங்களுக்குக் குறை ஏற்பட்டது. வண்டிக்குள் இருக்கும் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி முழுமையாக ஏறியிருந்தாலும் அதில் 1,200 வாட்-மணி மின்சாரம்தான் இருக்கும். ஈய அமில பேட்டரி என்றால், கெடாமல் இருக்கப் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. விளக்கு, மின்விசிறி, தண்ணீர் மோட்டார், கைபேசி ஆகியவற்றுக்கு ஓர் இரவு தாங்கும். ஏசி, கெட்டில், மிக்ஸி போன்றவற்றுக்கு வெளியிலிருந்து இணைப்பு தேவை. வண்டியின் வயர் 16 ஆம்பியர் பிளக்குக்கானது. 230 வோல்ட்டில் அது 3,680 வாட் வரை தாங்கும். முகாமின் கம்பத்தில் இருந்ததோ கைபேசி ஏற்றுவதற்குப் போடும் 6 ஆம்பியர் பிளக். 1,500 வாட் கெட்டிலைப் போட்டதும், சுமை மிகுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. விழுந்தது. அதைவிடக் கவலைக்குரியது, சமையற்கூடத்திலிருந்து புல்தரை மேல் இழுத்துப் போட்டிருந்த நீட்டிப்பு வயர். மாலையில் இடியுடன் மழை பெய்யும் ஊரில், குழந்தைகள் ஓடும் இடத்தில், எர்த் இணைப்பு உள்ளதா என்று தெரியாத ஒரு வயர் ஈரத்தில் கிடப்பதை எந்த முகாமும் அனுமதிக்கக் கூடாது. நாங்கள் சொன்னதும் அதை உடனே எடுத்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தளத்துக்கும் மூடியுள்ள 16 ஆம்பியர் பெட்டி ஒன்றும், கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் பொருத்துவது அவர்கள் வாங்கும் கட்டணத்தோடு ஒப்பிட்டால் பெரிய செலவு அல்ல.

கழிவுநீர் ஏற்பாட்டை மனமாரப் பாராட்டுகிறேன். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் குழாய் வழியாக நேரே ஓர் உறிஞ்சுகுழிக்குப் போகின்றன. அதைச் சுற்றி வாழையும் கல்வாழையும் நட்டிருக்கிறார்கள், நாற்றம் சிறிதும் இல்லை. வண்டியின் கழிப்பறைக் கழிவு சேரும் பெட்டியைத் தனியே கழற்றி எடுத்துப்போய்க் கொட்டிக் கழுவுவதற்கு, மூடியும் நீர்க்குழாயும் உள்ள ஒரு தொட்டி இருக்கிறது. அதன் மேல், நாற்றத்தைத் தடுக்க அந்தப் பெட்டியில் ஊற்றும் ஃபார்மலின் கலந்த மருந்தை இங்கே கொட்டக் கூடாது என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களை அந்த மருந்து கொன்றுவிடும் என்பதால் இது மிகச் சரியான விதி. மலையில் மண்ணுக்குள் இறங்கும் எதுவும் கீழே யாரோ ஒருவருடைய கிணற்றுக்குத்தான் போகும் என்பதை உணர்ந்த ஒருவர் இந்த முகாமை நடத்துகிறார் என்று எனக்குத் தோன்றியது.

விளக்குகளைப் பற்றி ஒரு முறையீடு. சவ்வாது மலையில், இங்கிருந்து வெகு தொலைவில் இல்லாத காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கி கொண்ட வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. வானம் இருண்டு தெளிவாக இருக்கும் இடம் என்பதற்காகவே விண்மீன் ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்த பகுதி இது. அப்படிப்பட்ட வட்டாரத்தில், விடியும் வரை நான்கு பெரிய வெள்ளை விளக்குகளை எரியவிட்டு வானத்தை மறைப்பது பொருந்தவில்லை. நடைபாதைக்கு முழங்கால் உயரத்தில் மஞ்சள் விளக்குகள் போதும். பாதுகாப்புக்கும் அது குறைவில்லை.

இன்னொரு குறை இந்த முகாமுக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் வண்டியின் ஓட்டுநர் இரவு எங்கே படுப்பார் என்பதை வாடகைக்குக் கொடுத்தவரும் சொல்லவில்லை, முகாமிலும் யோசித்து வைத்திருக்கவில்லை. வளைவுகளில் எங்கள் உயிரைக் கையில் வைத்திருப்பவர் அவர். விடுதிகளில் ஓட்டுநர்களுக்குத் தங்குமிடமும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023-ல் கட்டட விதிகளைத் திருத்தியது. கேரவன் முகாம்களும் அந்த மனநிலைக்கு வர வேண்டும். நாங்கள் கேட்ட பிறகு, பொருள் வைக்கும் அறையைப் பெருக்கி ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். கேட்காமலே கொடுக்க வேண்டிய ஒன்று அது.

உணவு பற்றிச் சுருக்கமாக: முகாமில் காலைச் சிற்றுண்டி மட்டும் உண்டு, இட்லி நன்றாக இருந்தது. வரும் வழியில் ஆம்பூரில் சீரகச்சம்பா பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் கட்டிக்கொண்டால் முதல் நாள் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை.

வண்டி வாடகை, எரிபொருள், ஓட்டுநர் படி, முகாம் கட்டணம் எல்லாம் சேர்த்தால் மலையிலுள்ள நடுத்தர விடுதியில் இரண்டு அறை எடுப்பதைவிடக் கூடுதலாகவே ஆகிறது. தம்பதியாக இருவர் மட்டும் போவதற்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பெற்றோரும் பிள்ளைகளுமாகப் போகிறவர்கள், இடையில் எங்கு வேண்டுமானாலும் நிறுத்தி முதியவர்களைப் படுக்கவைக்கலாம், கழிப்பறைக்கு அலைய வேண்டாம் என்ற வசதிக்காக அந்தக் கூடுதல் தொகையைத் தயங்காமல் கொடுக்கலாம். முன்பதிவு செய்யும்போது பிளக் எத்தனை ஆம்பியர், ஓட்டுநருக்குக் கட்டில் உண்டா என்ற இரண்டையும் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். கோடை விழா நாட்களிலும் சனி, ஞாயிறுகளிலும் புங்கனூர் ஏரிப் பக்கம் வாகனங்கள் நெருக்கியடித்து நிற்பதால், இவ்வளவு நீளமான வண்டியைத் திருப்புவதே கடினம். வார நாட்களில், இருட்டுவதற்கு முன் மேலே போய்ச் சேரும்படி புறப்படுவது நல்லது.