ரங்கூன் மருந்துக் கடை கர்ப்பப் பரிசோதனை ஸ்ட்ரிப்: எதற்குப் பதில் சொல்லும், எதற்குச் சொல்லாது

மகாபந்துலா சாலையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் டல்ஹவுசி தெரு என்றுதான் சொல்வார்கள். அதிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருக்கும் மருந்துக் கடையில் வாங்கிய ஸ்ட்ரிப் இது. உறையைக் கிழித்தால் மெல்லிய பட்டை ஒன்றும், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலமும் இருக்கும். சிறுநீர் பிடிக்கக் கிண்ணம் கிடையாது, அது நம் பாடு. பேனா மாதிரி வருகிற வகையும் அதே கண்ணாடி அலமாரியில் இருந்தது, விலைதான் பல மடங்கு. அதற்குள்ளேயும் இதே போன்ற பட்டைதான், மேலே பிளாஸ்டிக் கூடு. கையில் படாமல் இருக்க அவ்வளவு காசா என்று விட்டுவிட்டேன்.

வாங்கப் போன காரணம் அடிவயிற்று வலி. மாதவிலக்குக்குச் சில நாள் இருக்கும்போதே தொப்புளுக்குக் கீழே இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. மாமியார் முகத்தில் ஒரே வெளிச்சம்.

“முழுகாம இருக்கியோ என்னவோ. கரு தங்கும்போது இப்படித்தான் சுருக்குன்னு இழுக்கும்.”

“மாசாமாசம் வர்ற வலியாவும் இருக்கலாம் அத்தை. நாள் தள்ளிப்போகட்டும், பாத்துக்கலாம்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. கருவுற்ற முட்டை ஏறக்குறைய 6 முதல் 10 நாளில் கருப்பைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது, அந்தச் சமயத்தில் சிலருக்கு லேசான இழுப்பும் ஒரு சொட்டு ரத்தக்கசிவும் வரும். சங்கடம் என்னவென்றால், மாதவிலக்குக்கு முந்தைய வலியும் அதே நாட்களில், அதே இடத்தில்தான் வரும். வலியை மட்டும் வைத்து இது அதுதான் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. மார்பு கனப்பது, களைப்பு, வயிறு உப்புவது எல்லாமே இரண்டு பக்கமும் பொருந்தும்.

கரு ஒட்டிய பிறகுதான் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் உடம்பில் ஊற ஆரம்பிக்கும். ஸ்ட்ரிப் தேடுவது அதை மட்டும். ஆரம்ப வாரங்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகும். அதனால் நாள் தள்ளிப்போவதற்கு முன்னே சோதித்து ஒரு கோடு வந்தால் (ஒன்று என்றால் கர்ப்பம் இல்லை, இரண்டு என்றால் உண்டு) அதை நம்ப வேண்டாம். குறைந்தது எவ்வளவு ஹார்மோன் இருந்தால் காட்டும் என்பதற்கு, நான் வாங்கியதில் 25 (mIU/ml) என்று அளவு போட்டிருந்தது. 10 என்று போட்டவை இன்னும் குறைந்த அளவு ஹார்மோனையே காட்டிவிடும், அவசரக்காரர்கள் அதைத் தேடலாம்.

கடைக்கார அம்மா நல்லவர்தான். “வயிறு வலிக்குதா ஞீமா?” (பர்மியத்தில் தங்கச்சி) என்று கேட்டுவிட்டு, நாலைந்து நிற மாத்திரைகளைக் கலந்து கட்டிய பொட்டலத்தையும் நீட்டினார். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எழுதிக்கூட இருக்காது. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது ஐப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்வார்கள். பாராசிட்டமால் போதும்.

நாள் தள்ளிப்போனதும் காலை முதல் சிறுநீரில் பார்த்தேன். பட்டையில் அம்புக்குறியோடு போட்டிருக்கும் எல்லைக் கோட்டைத் தாண்டி நனைக்கக் கூடாது. நனைத்து எடுத்து, கிடையாக வைத்துவிட்டு, தாளில் சொன்னபடி 5 நிமிடத்தில் பார்த்தால் ஒரே கோடு. மாமியார் சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தபோது இரண்டாவது இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. அது காய்ந்த தடம், கணக்கில் சேராது. இதை அவருக்குப் புரியவைக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. விளக்கத் தாளின் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. பெரிய எழுத்தில், பர்மியத்தில், படத்தோடு போட்டிருந்தால் என்ன?

சில நாள் விட்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் ஒரே கோடு. வலி மட்டும் போகவில்லை, சிறுநீர் போகும்போது எரிச்சலும் சேர்ந்தது. கிளினிக்கில் சிறுநீரைச் சோதித்து, தொற்று என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். வலி நின்றது, பின்னாலேயே மாதவிலக்கும் வந்தது. அடிவயிற்று வலி என்றால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சினைப்பைக் கட்டி, குடல்வால் என்று வரிசை நீளம். ஸ்ட்ரிப்புக்கு இதில் ஒன்றும் தெரியாது.

இரண்டு கோடு வந்தாலும் அதே கதைதான். என் ஓர்ப்படிக்கு முன்பு இதே மாதிரி ஸ்ட்ரிப்பில் பளிச்சென்று இரண்டு கோடு வந்தது, வீட்டில் பாயசம்கூட வைத்தாகிவிட்டது. ஆனால் வலப்பக்கம் மட்டும் குத்திக்கொண்டே இருந்தது, தலைசுற்றல் வேறு. டப்ரின் ஆஸ்பத்திரிக்கு (இப்போது மத்திய மகளிர் மருத்துவமனை) கூட்டிப் போனோம். ஸ்கேனில் கரு குழாயில் தங்கியிருந்தது தெரிந்து ஆபரேஷன் செய்தார்கள். நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு இப்படிக் கருப்பைக்கு வெளியே தங்கும் என்கிறார்கள். ஹார்மோன் அப்போதும் ஊறுகிறது, ஸ்ட்ரிப்பும் சிரித்துக்கொண்டே இரண்டு கோடு காட்டும். ஒரு பக்கமாகக் கடும் வலி, ரத்தப்போக்கு, மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி, இவற்றில் ஏதாவது இருந்தால் கோட்டை எண்ணிக்கொண்டு வீட்டில் உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்றபடி, கொடுத்த காசுக்கு நல்ல பொருள். வாங்கினால் இரண்டாக வாங்குங்கள். 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி உறையில் போட்டிருக்கிறது. சித்திரை வெயிலில் ஜன்னலோரம் அடுக்கி வைத்திருக்கும் கடைகளைத் தவிர்த்து, உள் அலமாரியில் வைத்திருப்பவர்களிடம் வாங்குவது நல்லது. முதலில் எடுத்துக் கொடுத்த உறையில் காலாவதித் தேதி அழிந்திருந்தது. மாற்றிக் கேட்டேன், அந்த அம்மா முகம் சுளிக்காமல் வேறு எடுத்துக் கொடுத்தார்.