சியோலின் உணவுக் கழிவு: பையா, எடைபோடும் தொட்டியா?

தென் கொரியாவில் மீந்த சோற்றைக் கொட்டவும் காசு கொடுக்க வேண்டும். 2005 முதல் உணவுக் கழிவை நேரடியாக நிலத்தில் புதைக்கத் தடை. 2013 முதல் போடும் அளவுக்கேற்பக் கட்டணம். சியோலில் அதை எப்படி வசூலிக்கிறார்கள் என்பதில்தான் சுவாரசியம்.

பழைய வழி, பை. அந்தந்தப் பகுதி நிர்வாகத்தின் பையைக் கடையில் வாங்க வேண்டும். விலையிலேயே கட்டணம் அடக்கம். மின்சாரம் வேண்டாம், கார்டு வேண்டாம், பழுதாவதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய பை நிறையட்டும் என்று காத்திருக்கத் தோன்றும். கோடையில் அந்தச் சமையலறை எப்படி மணக்கும், யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, அடுக்குமாடி வளாகங்களில் நிற்கும் எடைபோடும் தொட்டி. கார்டைக் காட்டினால் மூடி திறக்கும். கொட்டியதும் எடை திரையில் வரும். கட்டணம் அந்த வீட்டுக் கணக்கில் ஏறும். கொஞ்சமாக இருந்தாலும் அன்றன்றைக்கே கொட்டிவிடலாம். உணவுக் கழிவில் பெரும்பகுதி வெறும் தண்ணீர். தண்ணீருக்கும் சேர்த்துக் காசு போகிறது என்று தெரிந்தால், கிம்ச்சி (கொரியக் காய்கறி ஊறுகாய்) மிச்சத்தைப் பிழிந்து, சூப்பை வடிகட்டிக் கொண்டுவரத் தோன்றும்தானே? லாரிக்கும் சுமை குறையும். பையில் இந்தக் கூர்மை இல்லை, கட்டணம் கொள்ளளவுக்குத்தான்.

என்னைக் கேட்டால், நூறு வீடுகள் ஒரே வாசலில் இறங்கும் இடத்தில் தொட்டிதான். சரி, தனி வீடுகள் நெருக்கியடிக்கும் சந்தில்? அங்கே தொட்டியை யார் வீட்டு வாசலில் வைப்பது என்பதிலேயே சண்டை வரும். பையே போதும்.