இம்ப்ரெஷன் பாதியானது, கிளிக் அப்படியே இருந்தது: சர்ச் கன்சோலோடு பத்து வருடம்

2025 செப்டம்பரில் ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். கூகுள் தேடலில் ஒரு தளம் எப்படித் தென்படுகிறது என்று அதன் உரிமையாளருக்குக் காட்டும் கருவிதான் கூகுள் சர்ச் கன்சோல். அதில் அவருடைய தளத்தின் இம்ப்ரெஷன் கோடு, அதாவது தேடல் முடிவுகளில் தளம் எத்தனை தடவை தென்பட்டது என்ற கணக்கு, சரிந்து பாதியாகியிருந்தது. "நம்ம தளத்துக்கு என்ன ஆச்சு?" என்று பதறிக் கேட்டார். அதே கிராஃபில் கிளிக் கோட்டைப் பார்த்தேன், அது அசையவே இல்லை. தேடல் முடிவுகளில் தளம் வரும் சராசரி இடமோ முன்பைவிட மேலே வந்திருந்தது.

தேடல் முகவரியோடு ஒரு சின்ன பாராமீட்டர் சேர்த்தால் ஒரே பக்கத்தில் 100 முடிவுகள் வரும் வசதி அதுவரை இருந்தது. ராங்க் பார்க்கும் மென்பொருள்கள் பலவும் அதை நம்பித்தான் ஓடின. அந்த மாதம் அது வேலை செய்யாமல் போனது. 80ஆவது இடத்தில் கிடக்கும் பக்கத்தை மனிதர் யாரும் தேடிப் போய்ப் பார்ப்பதில்லை. ஆனால் மென்பொருள் 100 முடிவுகளையும் ஒரே தடவையில் ஏற்றும்போது அந்தப் பக்கத்துக்கும் ஒரு இம்ப்ரெஷன் விழும். வசதி நின்றதும் அந்தக் கணக்கும் நின்றது என்பதுதான் துறையில் பெரும்பாலோர் சொன்ன விளக்கம். நானும் தேடுசொற்களைச் சராசரி இடப்படி பிரித்துப் பார்த்தேன். முதல் பத்துக்குள் இருந்தவற்றில் பெரிய மாற்றமில்லை, காணாமல் போனதெல்லாம் அதற்குப் பின்னால் வெகு தூரத்தில் இருந்தவை. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் பதில் எழுதினேன்.

வெப்மாஸ்டர் டூல்ஸ் என்ற பழைய பெயர் 2015 மே மாதம் சர்ச் கன்சோல் என்று மாறியபோது தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவரும் இந்த வேலைக்கு நான் புதிது. அன்று தேடல் தரவு 90 நாளுக்குத்தான் கிடைக்கும். போன வருடம் இதே மாதம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், நாமாக எடுத்து வைத்திருந்தால் உண்டு. 2018 ஜனவரியில் எல்லோருக்கும் வந்த புதிய சர்ச் கன்சோல் அதை 16 மாதமாக்கியது. இத்தனை வருடத்தில் எனக்கு அதிகம் உதவிய மாற்றம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பண்டிகை மாதத்தில் ஏறுவதையும் விடுமுறையில் இறங்குவதையும், கூகுள் தன் தேடல் வரிசைமுறையில் செய்யும் அப்டேட்டின் வேலை என்று நினைத்துக் குழம்பிய காலம் அதோடு முடிந்தது.

அப்டேட் என்றதும் 2024 மார்ச் நினைவுக்கு வருகிறது. வரிசைமுறையை ஒட்டுமொத்தமாக மாற்றும் அந்த கோர் அப்டேட் மார்ச் 5 அன்று தொடங்கி ஏப்ரல் 19 வரை, மொத்தம் 45 நாள் ஓடியது. பக்கம் படிப்பவருக்கு உண்மையில் பயன்படுகிறதா என்று எடைபோட அதுவரை தனியாக இயங்கிய ஹெல்ப்ஃபுல் கன்டென்ட் முறையும் அதோடு முக்கிய வரிசைமுறையான கோர் ரேங்கிங்குக்குள்ளேயே கலந்தது. செய்தி வந்த மூன்றாவது நாளே எங்கு பார்த்தாலும் ஜெயித்தவர் பட்டியல், தோற்றவர் பட்டியல். ஒரு தளத்தில் சின்னச் சரிவு தெரிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. நாற்பது பக்கங்களின் தலைப்புகளை மாற்றினேன், சிலவற்றை ஒன்றாக இணைத்தேன். இரண்டு வாரம் கழித்துச் சில பக்கங்கள் ஏறின, சில இன்னும் இறங்கின. எது அப்டேட்டால் நடந்தது, எது என் கைவேலையால் நடந்தது என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தத் தளத்தின் உரிமையாளரிடம் அதை அப்படியே ஒப்புக்கொண்டேன்.

அப்புறம் வழக்கத்தை மாற்றினேன். அப்டேட்டின் தொடக்கமும் முடிவும் கூகுளின் தேடல் நிலைப் பலகையிலேயே வந்துவிடும், அந்தத் தேதிகளைக் குறித்துக்கொள்வேன். முடிந்த பிறகு ஒரு முழு வாரம் பொறுத்திருந்து, அந்த வாரத்தை அப்டேட் தொடங்கும் முன் இருந்த வாரத்தோடு ஒப்பிடுவேன். கூகுளின் வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது. நடுவில் எதையும் தொடுவதில்லை. வாடிக்கையாளர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம்தான், சும்மா இருப்பதற்கா பணம் தருகிறோம் என்று அவர்களுக்குத் தோன்றும். அதனால் அந்த வாரங்களில் இன்டெக்ஸ் ஆகாத, அதாவது கூகுள் தன் தேடலில் சேர்க்காத பக்கங்கள் எவை, எதற்காக என்று மட்டும் பார்த்துப் பட்டியல் கொடுக்கிறேன்.

இப்போது என்னை அதிகம் உறுத்துவது ஏஐ ஓவர்வியூ, அதாவது தேடல் பக்கத்தில் பெரும்பாலும் முடிவுகளுக்கு மேலே ஏஐ எழுதித் தரும் சுருக்கப் பதில் பெட்டி. 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கி, பிறகு நாடு நாடாகப் பரவியது. அதில் நம் இணைப்பு தென்பட்டால் அதுவும் வழக்கமான இம்ப்ரெஷன் கணக்கிலேயே சேர்கிறது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் எல்லா இணைப்புகளுக்கும் ஒரே இட எண்தான். அதனால் சராசரி இடம் அழகாகத் தெரியும், கிளிக் மட்டும் வராது. இதை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்கும் வடிகட்டியை அந்தத் தேடல் அறிக்கையில் நான் பார்த்ததில்லை. "என்றால் என்ன", "எப்படி" என்று தொடங்கும் தேடுசொற்களைத் தனியாக வடிகட்டி, அவற்றின் கிளிக் விகிதத்தை மாதாமாதம் பார்த்துத்தான் ஊகிக்கிறேன். என் கையில் இருக்கும் தளங்களில் அந்த வகைப் பக்கங்கள்தான் முதலில் அடிவாங்கின. விலை, ஒப்பீடு, முன்பதிவு போன்ற தேடல்களில் அவ்வளவு இல்லை. புதுக் கட்டுரைகளுக்குத் தலைப்பு எடுக்கும்போது இப்போது இதை வைத்தே முடிவு செய்கிறேன்.

பக்க வேக அறிக்கையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2024 மார்ச்சில் முதல் தொடுகைக்கான தாமதத்தை மட்டும் அளந்த எஃப்ஐடி போய், பக்கத்தில் செய்யும் தொடுகைகளுக்கு அது எவ்வளவு வேகமாகப் பதில் தருகிறது என்று அளக்கும் ஐஎன்பி வந்தது, 200 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பச்சை. சிவப்பைச் சரிசெய்வேன், பச்சையை இன்னும் பச்சையாக்க நேரம் செலவழிக்க மாட்டேன்.

குறைகளும் உண்டு. திரையில் 1,000 வரிகளுக்கு மேல் காட்டாது. மிகச் சிலரே தேடும் சொற்களைத் தனியுரிமை கருதி மறைத்துவிடுகிறது, அதனால் தேடுசொல் வரிகளைக் கூட்டினால் மேலே இருக்கும் மொத்தம் வராது. புதிதாக வருபவர்கள் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். பெரிய தளம் என்றால், தரவைக் கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவெரிக்குத் தானாக அனுப்பும், 2023இல் வந்த ஏற்றுமதி வசதியை முதல் நாளே போட்டுவிடுங்கள், போட்ட நாளிலிருந்துதான் தரவு சேரும், பின்னோக்கிப் போய் எடுத்துத் தராது. சின்னத் தளங்களுக்கு நான் மாதம் முதல் தேதி தரவைப் பதிவிறக்கி ஒரு ஷீட்டில் போட்டு, பக்கத்துக் கட்டத்தில் அந்த மாதம் நடந்த அப்டேட்டையும் நான் செய்த மாற்றத்தையும் தேதியோடு எழுதி வைக்கிறேன்.