ஹனோய் பழைய நகரில் காலை நேர உணவு நடை: போகலாமா?

வியட்நாம் தலைநகர் ஹனோய்க்குப் போகிறவர்கள், வழிகாட்டியோடு கடை கடையாக நடந்து சாப்பிடும் தெருவோர உணவு நடைக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டால், தாராளமாகக் கட்டுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் காலையில் கிளம்பும் நடையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஊரில் இறங்கிய மறுநாளே போய்விடுவது இன்னும் நல்லது. அங்கே கற்றுக்கொள்வதை வைத்துத்தான் மீதி நாட்களில் நீங்களாகவே தைரியமாகச் சாப்பிட முடியும்.

நானும் என் வீட்டுக்காரரும் திருச்சியில் மெஸ் நடத்துகிறோம். திருச்சியிலிருந்து வியட்நாமின் தெற்கே உள்ள சைகோனுக்கு நேரடி விமானம் வந்த பிறகு, எங்கள் பக்கத்தில் வியட்நாம் போய் வந்தவர்கள் வீதிக்கு ஒருவராவது இருக்கிறார்கள். பெரும்பாலானோர் குழுப் பயணத்தில் போய், கூடவே வரும் சமையல்காரர் போட்ட சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். எனக்கு அது ஆற்றாமையாக இருக்கிறது. அரிசியை இத்தனை விதமாகச் சமைக்கிற ஊருக்குப் போய்விட்டு அதை ருசி பார்க்காமல் வரலாமா?

நாங்கள் தங்கியிருந்த விடுதி மூலம் பதிவு செய்தோம். ஆளுக்கு 25 அமெரிக்க டாலர். காலை எட்டரைக்குத் தொடங்கி நண்பகல் வரை. சாப்பாடு, காபி எல்லாம் அதற்குள் அடக்கம். பதிவு செய்யும்போதே என்னென்ன சாப்பிட மாட்டீர்கள் என்று கேட்டார்கள். இவர் மாடும் பன்றியும் தொடமாட்டார். அதை எழுதிக் கொடுத்தோம். வழிகாட்டியாக வந்த பெண், கல்லூரி முடித்துச் சில வருடங்கள்தான் ஆகியிருக்கும், அந்தக் குறிப்பை மறக்கவே இல்லை. ஒவ்வொரு கடையிலும் உட்காருவதற்கு முன்பே உள்ளே போய் இவருக்கு வேறாகச் சொல்லிவிட்டு வந்தார். இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசில் பாதி சரியாகிவிட்டது.

ஏன் காலை நடை என்கிறேன் என்றால், ஹனோயில் பலகாரத்துக்கு நேரம் உண்டு. ஃபோ என்ற அரிசி நூடுல்ஸ் சூப்பும் பான் குவோன் என்ற அரிசி மாவு ஆவிச் சுருளும் முதன்மையாகக் காலை உணவு. சுட்ட பன்றிக் கறியோடு அரிசிச் சேவை சாப்பிடும் பூன் சா மதியத்துக்கு. பியா ஹோய் எனப்படும் அன்றன்றைக்கு வடிக்கும் லேசான பீர் மாலைக்கு. ஒரு கடை என்றால் பெரும்பாலும் ஒரே பண்டம்தான். அதைச் செய்து, தீர்ந்ததும் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். மாலை நடையில் போனால் பூன் சா கிடைக்கும், ஆனால் சுற்றுலாப் பயணிகளுக்காகவே இரவிலும் திறந்திருக்கும் கடையில் கிடைக்கும். உள்ளூர்க்காரர்கள் வேலைக்கு நடுவே வந்து உட்கார்ந்து சாப்பிடுகிற கூட்டத்தோடு கூட்டமாக நீங்களும் உட்கார வேண்டுமானால் காலைதான்.

முதல் நிறுத்தம் ஹாங் கா வீதிப் பக்கத்தில் ஒரு பான் குவோன் கடை. நான் அங்கேயே நாள் முழுக்க நின்றிருப்பேன். இரண்டு பெரிய பானைகளில் தண்ணீர் கொதிக்கிறது. பானை வாயில் வெள்ளைத் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், நம் ஊர் இட்லித் துணியைப் போல, ஆனால் முரசுத் தோல் அளவுக்கு இறுக்கம். அரிசியை ஊறவைத்து அரைத்த மாவு, மோருக்குக் கொஞ்சம்தான் கெட்டி. அந்த அம்மா ஒவ்வொரு முறையும் மாவை அடியிலிருந்து ஒரு கலக்குக் கலக்கி, கரண்டியால் மொண்டு, துணியில் ஊற்றிக் கரண்டி அடியாலேயே ஒரு சுழற்றுச் சுழற்றுகிறார். மூடி போட்டு அரை நிமிடம்கூட ஆவதில்லை. தட்டையான மூங்கில் பட்டையை அடியில் செருகித் தூக்கினால், பின்னால் இருப்பது தெரிகிற அளவுக்கு மெல்லிய ஆவித் தோசை ஒன்று கிழியாமல் வருகிறது. எண்ணெய் தடவிய தட்டில் விரித்து, அரைத்த பன்றிக் கறியும் நறுக்கிய கருங்காளானும் வைத்துச் சுருட்டி, மேலே பொன்னிறமாகப் பொரித்த சின்ன வெங்காயத்தைத் தூவுகிறார். இவருக்குக் கறி இல்லாமல், ஆவியிலேயே முட்டை ஊற்றி ஒன்று வந்தது. எனக்கு அதுதான் இன்னும் பிடித்தது.

இருபத்தைந்து வருடமாக மாவரைக்கும் பழக்கம், சும்மா இருக்க முடியவில்லை. புளிக்க வைப்பீர்களா, என்ன அரிசி என்று வழிகாட்டி மூலம் கேட்டேன். புளிப்பு கிடையாது. பழைய அரிசிதான் வேண்டும், புது அரிசி என்றால் பசையாகி ஒட்டிக்கொள்ளும் என்றார் அந்த அம்மா. நானும் இட்லிக்குப் பழைய அரிசிதான் தேடி வாங்குவேன் என்று சொன்னதும், கரண்டியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். என்னை அடுப்புப் பக்கம் அழைத்து ஒரு கரண்டி ஊற்றவும் விட்டார். ஊற்றிச் சுழற்றியது சரியாக வந்தது. மூங்கில் பட்டையால் தூக்குவதற்குத் தனிக் கைப்பக்குவம் வேண்டும், அதை அவரே செய்தார். வழிகாட்டி இல்லாமல் போயிருந்தால் இந்தப் பேச்சு நடந்திருக்காது.

அடுத்தது ஃபோ. வியட்நாம் என்றாலே எல்லோரும் சொல்வது இதைத்தான். குழம்பு என்று சொல்லவும் முடியாது, ரசம் என்றும் சொல்ல முடியாது. எலும்பைப் பல மணி நேரம் கொதிக்க வைத்து இறக்கிய தெளிவான சாறு. அதில் தணலில் சுட்ட இஞ்சி, வெங்காயம், பட்டை, அன்னாசிப்பூ, கருப்பு ஏலக்காய். எங்கள் மெஸ்ஸில் பிரியாணிக்குப் போடுகிற அதே சாமான்கள், ஆனால் மசாலா நாக்கில் ஏறாமல் வாசனையாக மட்டும் நிற்கிறது. வியட்நாமின் அன்னாசிப்பூ வடக்கே சீன எல்லையை ஒட்டிய லாங் சோன் மலைப் பக்கத்தில் விளைகிறது. அதை அதிகம் வாங்கும் நாடு இந்தியாதான். நம் பிரியாணிச் சட்டியில் கிடக்கிற பூவில் நிறைய அங்கிருந்துதான் வந்திருக்கும்.

ஹனோய் ஃபோவுக்குப் பக்கத்தில் கீரைத் தட்டு, முளைப்பயறு எதுவும் வராது. அதெல்லாம் சைகோன் பழக்கம். இங்கே பூண்டு ஊறிய வினிகர், மிளகாய் விழுது, எலுமிச்சை, நனைத்துச் சாப்பிட நீளமாகப் பொரித்த மாவுத் துண்டு, அவ்வளவுதான். முதலில் எதுவும் சேர்க்காமல் சாற்றை ஒரு வாய் குடியுங்கள், அப்புறம்தான் வினிகர் என்று வழிகாட்டி சொன்னார். அது சரியான யோசனை. இவருக்குக் கோழி ஃபோ. 1939 வாக்கில் ஹனோயில் வாரத்தில் இரண்டு நாள் மாட்டிறைச்சி விற்பனை இல்லாமல் போனதால் கோழி ஃபோ பிறந்தது என்று அங்கே சொல்கிறார்கள். மாடு சாப்பிடாதவர்கள் கடையில் கேட்க வேண்டியது ‘ஃபோ கா’. ‘ஃபோ போ’ என்றால் மாடு.

அங்கிருந்து தோங் சுவான் சந்தைக்கு நடந்தோம். பிரெஞ்சுக்காரர்கள் 1889இல் கட்டியது, 1994இல் பெரிய தீவிபத்தில் எரிந்து மறுபடி கட்டப்பட்டது. உள்ளே துணிமணியும் பொம்மையும்தான், வேகமாகக் கடந்துவிடலாம். பக்கத்துச் சந்துகளில்தான் விஷயம் இருக்கிறது. உயிர் நண்டு, நத்தை, தவளை, தரையில் குவித்த கீரைக் கட்டுகள். மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதில்லை, நம் காந்தி மார்க்கெட்டைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

வழிகாட்டி இங்கே கீரைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கையில் கொடுத்தார். புதினா, கொத்தமல்லி தெரியும். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் ஊதா நிறத்தில் ஓர் இலை, பெரில்லா வகை. மென்றால் சோம்பும் புதினாவும் கலந்த மாதிரி ஒரு வாசம் கடைசியில் வருகிறது. அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு, எந்தக் கடையில் கீரைத் தட்டு வந்தாலும் அதை அலங்காரம் என்று ஒதுக்கத் தோன்றவில்லை. வியட்நாம் சமையல் சாப்பிடுகிறவர் கையில்தான் முடிகிறது. எவ்வளவு இலை, எவ்வளவு புளிப்பு, எவ்வளவு காரம் என்பதெல்லாம் நம் பாடு. அதைச் சொல்லித் தர ஆள் இல்லாவிட்டால் பாதி வெந்த சாப்பாட்டைச் சாப்பிட்ட மாதிரிதான் திரும்புவோம்.

இதற்குச் சரியான உதாரணம் பூன் சா. பதினொரு மணி வாக்கில் அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே கரிப்புகை வந்து அழைக்கிறது. நடைபாதையில் அடுப்பை வைத்து விசிறிக்கொண்டே பன்றிக் கறியைச் சுடுகிறார்கள், சிறு சிறு வடையாகத் தட்டியது ஒன்று, பட்டையாக அரிந்தது ஒன்று. அது வெதுவெதுப்பான மீன் சாற்றுக் கிண்ணத்தில் மிதந்தபடி வரும். கூடவே ஆறிய அரிசிச் சேவை ஒரு தட்டு, கீரை ஒரு தட்டு. பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரத் தம்பதி கிண்ணத்தை அப்படியே சேவை மேல் கவிழ்த்தார்கள். எங்கள் வழிகாட்டி காட்டிய முறை வேறு. கொஞ்சம் சேவையை எடுத்துக் கிண்ணத்தில் முக்கி, கறித் துண்டோடு கையால் கிழித்த இலையையும் சேர்த்து ஒரே வாயாக. சூடும் குளிர்ச்சியும் ஒன்றாக வாய்க்குள் போகிறது. மீன் சாறு என்றதும் கவுச்சி அடிக்கும் என்று பயப்பட வேண்டாம். நெத்திலியையும் உப்பையும் அடுக்கி ஒரு வருடம் போல ஊற வைத்து வடிப்பது அது. சர்க்கரை, வினிகர், தண்ணீர் கலந்து, பச்சைப் பப்பாளித் துண்டும் போட்ட பிறகு இனிப்பும் புளிப்பும்தான் முன்னால் நிற்கும்.

2016இல் அமெரிக்க அதிபர் ஒபாமா வந்து பூன் சா சாப்பிட்ட கடை லே வான் ஹூ வீதியில் இருக்கிறது. அந்த மேசையைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். நடையில் அங்கே போகவில்லை, எனக்கு அதில் குறையும் இல்லை.

பன்றி சாப்பிடாத இவருக்கு அந்த நேரத்தில் பூன் தாவ் வாங்கிக் கொடுத்தார்கள். பொரித்த சோயாப் பனீரும் அழுத்திக் கட்டிய சேவையும். தொட்டுக்கொள்ள ஊதா நிறத்தில் இறால் விழுது. சின்ன ஆரஞ்சு போன்ற புளிப்புப் பழத்தைப் பிழிந்து, சர்க்கரை, மிளகாய் சேர்த்து நுரை வரும்வரை அடிக்க வேண்டும். இதன் வாடை கடுமை, மறைக்க மாட்டேன். நம் கருவாட்டுக் குழம்புப் பிரியர்களுக்கு மட்டும் சொல்கிறேன், விட்டுவிடாதீர்கள். இவர் தட்டை வழித்து வைத்துவிட்டார்.

இனி குறை. பூன் சா முடிந்ததும் ஒரு காபிக்கொட்டைக் கடையில் நிறுத்தினார்கள். புனுகுப்பூனை தின்று கழித்த கொட்டையில் போடும் காபி பற்றி அரை மணி நேரப் பேச்சு, பிறகு பொட்டலம் விற்பனை. வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் காசு கொடுத்து நடக்க வந்தவர்களின் நேரம் அது. பதிவு செய்யும்போது இதைச் சொல்லவும் இல்லை. ஆறு பேர் என்று சொல்லிவிட்டு ஒன்பது பேரைச் சேர்த்ததும் சரியில்லை. குறுகலான கடையில் மூன்று பேர் எழுந்து நின்று சாப்பிட்டார்கள். வழிகாட்டியால் அதில் ஒன்றும் செய்ய முடியவில்லை, அவர் முகத்திலேயே தெரிந்தது. நடத்துகிறவர்கள்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.

கடைசியில் முட்டைக் காபி. 1946இல் பால் தட்டுப்பாட்டுக் காலத்தில், மெட்ரோபோல் ஓட்டலில் வேலை பார்த்த கியாங் என்பவர் பாலுக்குப் பதில் முட்டை மஞ்சள் கருவை அடித்துச் சேர்த்து உண்டாக்கியது. நுயென் ஹூ ஹுவான் வீதியில் அவர் குடும்பத்தார் கடை இன்றும் நடக்கிறது. வாசல் தெரியாத அளவுக்குக் குறுகிய சந்துக்குள் போக வேண்டும். சூடு ஆறாமல் இருக்கக் கோப்பையை வெந்நீர்க் கிண்ணத்தில் உட்கார வைத்துத் தருகிறார்கள். மேலே கெட்டியான மஞ்சள் நுரை, அடியில் கரிய ரொபஸ்டா டிகாக்‌ஷன். முட்டை வாடை துளியும் இல்லை. எனக்கு இனிப்பு ஒரு மாற்றுக் கூடுதல்தான், ஆனால் டிகாக்‌ஷனின் கசப்பு அதைத் தாங்கிவிடுகிறது. கலக்காமல் ஸ்பூனால் நுரையை முதலில் எடுத்துச் சாப்பிடுங்கள்.

காசுக்கு ஏற்றதா? தனியாகப் போனால் ஒரு கிண்ணம் 40,000 முதல் 70,000 டாங்குக்குள் முடிந்துவிடும். ஒரு லட்சம் டாங் என்பது நம் காசில் 300 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அப்படிக் கணக்குப் போட்டால் 25 டாலர் அதிகம்தான். ஆனால் அதற்குப் பிறகு தங்கிய நாட்களில் நாங்கள் ஒரு வேளைகூட ஓட்டலுக்குள் போகவில்லை. கூட்டம் இருக்கும் சட்டியைப் பார்த்து உட்கார்ந்தோம், சாப்பிட்டோம், வயிறும் கெடவில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்த நடைக்குப் போக வேண்டாம். கீரையும் சேவையும்தானே என்று நினைத்தாலும் மீன் சாறு எங்கும் இருக்கும். அவர்கள் ‘சாய்’ என்று பலகை போட்ட கடைகளைத் தேடிப் போகலாம், அவை சுத்த சைவம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவதால் அந்த நாட்களில் அங்கே வகைகளும் கூடுதல். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உட்காருவதெல்லாம் ஒரு முழ உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் முக்காலிகள். எனக்கு ஒவ்வொரு முறையும் எழுந்திருக்க இவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. கேட்டால் சில கடைகளில் இரண்டு முக்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தருவார்கள். தேத் புத்தாண்டு வாரத்தில் போகாதீர்கள், ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும், பாதிக்கு மேல் கடைகள் அடைத்திருக்கும். பணம் கட்டும் முன் குழுவில் எத்தனை பேர், நடுவில் எதையாவது விற்கும் கடையில் நிறுத்துவீர்களா என்ற இரண்டையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.