வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு மெட்ஃபார்மினா, கிளிமெபிரைடா?

இரண்டுமே சர்க்கரைக்கான மாத்திரைகள்தான். தனியாகச் சாப்பிட்டால் இரத்தக்கசிவு பெரிய கவலை இல்லை. கிளிமெபிரைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மருந்துகளால் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவது உண்டு, ஆனால் அரிது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினும் சேர்ந்து சாப்பிடும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

வார்ஃபரினையும் கிளிமெபிரைடையும் கல்லீரலில் உடைப்பது சிஒய்பி2சி9 என்கிற அதே நொதி. அதனால் வார்ஃபரினின் வேகம் சிலருக்குக் கூடலாம், சிலருக்குக் குறையலாம். புதிதாகத் தொடங்கினாலோ அளவை மாற்றினாலோ இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைச் சீக்கிரமே செய்துவிட வேண்டும். பலருக்கு இலக்கு 2 முதல் 3 வரை. எனக்கு இதைவிடப் பயம் தாழ்சர்க்கரை மேல்தான். சாப்பாடு தவறிய வேளையில் தலைசுற்றி விழுந்து மண்டையில் அடிபட்டால், வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு மூளைக்குள் இரத்தம் கசியலாம். வெளியே ஒரு வீக்கம்கூடத் தெரியாமல் போகலாம்!

மெட்ஃபார்மினைக் கல்லீரல் உடைப்பதில்லை என்றே சொல்லலாம். உடையாமல் சிறுநீரில் வெளியேறிவிடும். தனியாகத் தாழ்சர்க்கரையும் அரிது. சரி, குறையே இல்லையா? வருடக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறைந்து இரத்தசோகை வரலாம். அந்தச் சோர்வை இரத்தக்கசிவு என்றும், நிஜக் கசிவை 'வெறும் பி12' என்றும் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. மலம் தார்போல் கறுத்தால் பி12 மேல் பழி போடாமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

சிறுநீரகம் ஒத்துழைத்தால் என் ஓட்டு மெட்ஃபார்மினுக்கு. சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் அளவு 30-க்குக் கீழே என்றால் அது கூடாது. அப்புறம் வேறு மருந்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.