சோப்பா, சானிடைசரா?

2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்ததும் எங்கள் வீடு இரண்டு கட்சியானது. நான் சோப்பு, மனைவி சானிடைசர்.

இரண்டுமே வைரஸின் கொழுப்புறையைக் குலைப்பவைதான். ஆனால் சோப்பை 20 நொடியாவது தேய்க்க வேண்டும். கேட்கச் சின்னக் கணக்கு. குழாயடியில் நின்று எண்ணிப் பாருங்கள், 12 வருவதற்குள் பொறுமை போய்விடும். நாளுக்குப் பத்து முறை கழுவிக் கழுவி என் விரல் மூட்டுகள் வெடித்துவிட்டன. உப்பைத் தொட்டால் உச்சி வரை எரிந்தது.

சானிடைசருக்குத் தண்ணீரும் வேண்டாம், துண்டும் வேண்டாம். ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும். ஆனால் கையில் அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் அதன் பாச்சா பலிக்காது. அடுப்பு பக்கமும் கொண்டுபோகக் கூடாது, தீப்பிடிக்கும். (என் சட்டைப்பையில் கசிந்து கைபேசியைக் குளிப்பாட்டியது தனிக் கதை.)

ஆகவே வீட்டுக்குள் என் ஓட்டு சோப்புக்கே. வாசலில் மட்டும் மனைவி வைத்ததுதான் சட்டம்: புட்டியை அழுத்தாமல் யாரும் உள்ளே நுழைய முடியாது. நானும் பணிவாக அழுத்திக்கொண்டு, சத்தமில்லாமல் குழாயடிக்குப் போய்விடுவேன்.